பழைய வரைபடத்தில் ஐயா (தாத்தா) வீட்டைத் தேடுவது எப்படி?

செட்டிநாட்டில் பூர்வீகம் தேடக் கிளம்புகிறவர்கள் நேராக வரைபடத்துக்குப் போகிறார்கள். நான் சொல்வது, முதலில் வீட்டில் இருக்கும் இரும்புப் பெட்டியைத் திறங்கள்.

1. உள்ளே பாகப்பிரிவினையோ கிரயப் பத்திரமோ இருந்தால் சொத்து விவரத்தைப் படியுங்கள். நான்கெல்லை, அதாவது இடத்தின் நாலு பக்கமும் என்ன இருக்கிறது என்பது, அங்கேதான் இருக்கும். "ஊருணிக்கு மேற்கு" என்றால் நம் இடம் ஊருணிக்கு மேற்கே இருக்கிறது. அதாவது ஊருணி நமக்குக் கிழக்கே. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு அரை நாள் யார் வீட்டு வாசலிலோ நின்றவன் நான். இன்னொன்று, நம் பக்கத்துப் பெரிய வீடுகளுக்கு முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். இரண்டு தெருப்பெயர் வந்தால் இரண்டு வீடு என்று எண்ணிவிடாதீர்கள்.

2. ஊர் அன்று யார் ஆட்சியில் இருந்தது என்று பாருங்கள். கோனாபட்டு, ராயவரம் எல்லாம் 1948 வரை புதுக்கோட்டை சமஸ்தானம். காரைக்குடிப் பக்கம் சிவகங்கை ஜமீன். சிவகங்கை மாவட்டமே 1985இல்தான் வந்தது. அதனால் பழைய ஆவணப் பட்டியல்களில் ராமநாதபுரம் என்று தேடுங்கள்.

3. அப்புறம் வரைபடம். டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகத் தளத்தில் 1950களின் அமெரிக்க ராணுவ வரைபடங்கள் இலவசமாகக் கிடைக்கும். ஊரும் சாலையும் தெரியும், தெரு தெரியாது. சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய தாள்கள், ஒரு மைலுக்கு ஓர் அங்குலம், இன்னும் நுணுக்கமானவை. காரைக்குடிக்கு 58 ஜே என்ற எண் வரிசையில் உள்ள தாள்களைப் பாருங்கள். தாளில் அச்சிட்ட ஆண்டு வேறு, அளந்த ஆண்டு வேறு. சந்தேகம் வந்தால் ரயில் பாதையைத் தேடுங்கள்: புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி வழியாக மானாமதுரைக்கு ரயில் வந்தது 1930இல். பாதை இல்லையென்றால் அளவை அதற்கு முந்தையது.

4. வயல், தோட்டம் என்றால் புல எண்ணை (சர்வே நம்பர்) வைத்து அந்த நிலத்தின் அளவைப் படமான புலப்படம் எடுக்கலாம். அரசின் இணையச் சேவையிலேயே கிடைக்கிறது. 1980களின் நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பல ஊர்களில் எண்கள் மாறியிருப்பதால் பழைய எண்ணுக்குப் புதிய எண் எது என்று தாலுகா அலுவலகத்தில் கேளுங்கள். வீட்டுக்கு இது உதவாது. பழைய கிராம வரைபடத்தில் நத்தம், அதாவது வீடுகள் இருக்கும் குடியிருப்புப் பகுதி, முழுக்க பெரும்பாலும் ஒரே கட்டம்தான். வீட்டுக்குப் பத்திரத்தின் நான்கெல்லையே கதி.

5. கடைசியாக நகல் எடுத்துக்கொண்டு ஊருக்கு நடங்கள். தெருப்பெயரை நம்பாமல் கண்மாய், ஊருணி, கோயில் மூன்றையும் முதலில் பொருத்துங்கள். அங்கே திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆச்சியிடம் தாளை நீட்டாதீர்கள். "மேல ஊருணி எது ஆச்சி?" என்று கேளுங்கள், அது போதும்.