எட்டு த்ரெட் ஓடியும் வேகம் கூடாத நிரல்: என் அனுபவம்

செங்கோட்டைக் கணவாய்க் காற்றை நம்பி நிற்கும் காற்றாலைகளின் வேகப் பதிவுகளை ஏழு வகையாகப் பிரித்து எண்ணும் எங்கள் சி மொழி நிரல், புளியரை அலுவலகக் கணினியில் ஒரே த்ரெட்டில் (நிரலுக்குள் தனியே ஓடும் வேலைச்சரம்) ஓடியதைவிட எட்டு த்ரெட்டுகளில் மெதுவாக ஓடியது. செயலியின் எட்டுக் கோர்களும் (கணக்கிடும் அலகுகள்) முழுமூச்சாக உழைப்பதாகவே ‘டாப்’ என்ற கண்காணிப்புக் கருவி காட்டியது.

ஒரு த்ரெட்டை மற்றொன்றுக்காகக் காத்திருக்க வைக்கும் பூட்டுகளைச் சந்தேகித்தேன், ஆனால் நிரலில் மியூடெக்ஸ் என்னும் அந்தப் பூட்டே இல்லை. த்ரெட்டுகளைத் தனித்தனிக் கோர்களில் நிறுத்தியும் பயனில்லை. லினக்ஸின் ‘பெர்ஃப் சி2சி’ கருவிதான், அடுத்தடுத்த த்ரெட்டுகளின் எண்ணிகள் ஒரே 64 பைட் கேஷ் லைனில் (கோர் தன் வேக நினைவகத்துக்கு ஒரே மொத்தமாக எடுத்துவரும் துண்டு) அமர்ந்திருப்பதையும், ஒரு கோர் எழுதும்போதெல்லாம் மற்றக் கோர்களிலுள்ள நகல் செல்லாததாகி, அதை மீண்டும் எடுத்துவர வேண்டியிருப்பதையும் காட்டிக்கொடுத்தது.

ஒரு த்ரெட்டின் ஏழு எண்ணிகளும் சேர்ந்து 56 பைட் என்பதால், வெற்றிடம் சேர்த்து 64 ஆக்கினேன். அப்போதும் வேகம் அரைகுறையாகவே கூடியது. கவனிக்க வேண்டியது இங்கேதான்: நினைவகம் ஒதுக்கும் ‘மாலாக்’ தந்த முகவரியை 64ஆல் வகுத்தால் 16 மீந்தது, அளவு சரியாக இருந்தும் தொடக்கம் தள்ளியிருந்ததால், ஒவ்வொரு த்ரெட்டின் கடைசி எண்ணியும் அடுத்த த்ரெட்டின் லைனுக்குள் விழுந்தது. ‘அலைன்ட்_அலாக்’ கொண்டு 64இன் மடங்கான முகவரியில் நினைவகம் ஒதுக்கியதும், த்ரெட் கூடக்கூட வேகமும் கூடியது. பெரும் நிம்மதி.

முகவரியின் மீதியைச் சோதிக்கும் ஒரு வரி இப்போது நிரலின் தொடக்கத்திலேயே இருக்கிறது.