சிக்கிள் செல்லோடு முழுநேர வேலை: வலிக்கு முந்தைய நாளைச் சரிசெய்யுங்கள்

சிக்கிள் செல் என்பது இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து, குழாய்களில் சிக்கி வலி தரும் பிறவி நோய். அது உள்ளவர் விடுப்பு எடுப்பது வலி வந்த நாளில். அந்த வலி கிளம்புவதோ பல நேரம் அதற்கு முந்தைய நாள், வேலையிடத்திலேயே: தண்ணீர் குடிக்க விடாத நீண்ட மீட்டிங், முதுகில் நேராக அடிக்கும் ஏசி, சாப்பிடாமல் இழுத்த ஓவர்டைம். எல்லாம் சரியாகச் செய்தும் வலி வரும் நாட்கள் உண்டு. அதற்கு உங்களையே நொந்துகொள்ள வேண்டாம். தடுக்கக்கூடியதைத் தடுப்போம்.

முதலில் தண்ணீர். "சிறுநீர் மஞ்சளானால் தண்ணீர் குடி" என்ற பொது அறிவுரை இங்கே எடுபடாது. இந்த நோயில் சிறுநீரகத்தால் சிறுநீரைக் கெட்டியாக்க முடிவதில்லை. உடல் வறண்டிருந்தாலும் சிறுநீர் வெளுப்பாகவே போகலாம். மஞ்சள் காமாலை இருந்தால் தண்ணீர் போதுமான அளவு குடித்தும் நிறம் அடர்த்தியாகத் தெரியும். ஆகவே நிறத்தை நம்பாமல் கடிகாரத்தை நம்புங்கள். நாளுக்கு 3 லிட்டர் என்றால், வேலைக்குக் கிளம்புமுன் அரை லிட்டர், மதியச் சாப்பாட்டுக்குள் ஒரு லிட்டர் பாட்டில் காலி, வேலை முடிவதற்குள் இன்னொன்று, மீதி அரை லிட்டர் மாலையில். சிறுநீரகம், இதயம், நுரையீரல் இரத்த அழுத்தம் ஆகியவற்றில் சிக்கல் இருப்பவர்கள் அளவை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். அடிக்கடி கழிவறைக்குப் போகக் கூச்சப்பட்டுத் தண்ணீரைக் குறைப்பதுதான் நாம் அதிகம் பார்க்கும் தவறு.

அடுத்தது குளிர். குளிர்பட்டால் இரத்தக் குழாய் சுருங்கும். அரிவாள் வடிவச் செல்கள் அங்கே சிக்கிக்கொள்ளும். ஏசி துவாரத்துக்கு நேர்கீழே இருக்கை இருந்தால் மாற்றக் கேளுங்கள். மாற்று உடையும் காலுறையும் மேசை இழுப்பறையில் இருக்கட்டும். மழையில் நனைந்தால் உடனே மாற்றுங்கள். பக்கத்து இருக்கைக்காரரிடம் ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: வலி என்றதும் ஐஸ் பை வைக்கக் கூடாது. முதலுதவிப் பெட்டியைத் திறந்தவுடன் நல்ல மனதோடு அதைத்தான் எடுப்பார்கள். தேவை ஒத்தடம், அதுவும் சூட்டில்.

சோர்வை ஒளித்துவைக்காதீர்கள். சாதாரணச் சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். அரிவாள் செல் 10 முதல் 20 நாளில் அழிந்துவிடும். அதனால்தான் எப்போதும் இரத்தசோகை. நன்றாகத் தூங்கியும் தீராத சோர்வு அது. கடினமான வேலையை உடம்பு தெம்பாக இருக்கும் நேரத்தில் வையுங்கள். இரவுப் பணி முடிந்த கையோடு காலைப் பணி என்ற அட்டவணையை ஏற்காதீர்கள்.

இதையெல்லாம் வாய்ப்பேச்சாக விடாமல் எழுத்தில் வாங்குங்கள், அதுவும் உடம்பு நன்றாக இருக்கும் நாளில். மருத்துவமனைக் கட்டிலில் இருந்து கெஞ்சிக் கேட்கும் சலுகை நிலைக்காது. நோயின் முழு வரலாறும் வேண்டாம், வேண்டியதை மட்டும் கேளுங்கள்:

"எனக்குப் பிறவியிலேயே இரத்தம் சார்ந்த நோய் உள்ளது. மருத்துவர் கடிதம் இணைத்துள்ளேன். தண்ணீர் பாட்டில் வைத்துக்கொள்ளவும் அனுமதி கேட்காமல் கழிவறை செல்லவும், ஏசி நேராகப் படாத இருக்கையும், மாதம் ஒருமுறை பரிசோதனைக்குக் காலை இரண்டு மணி நேரமும், லேசான வலி நாட்களில் வீட்டிலிருந்து வேலையும் தேவை."

மருத்துவர் கடிதத்தில் நோயின் பெயர் மட்டும் இருந்தால் பயனில்லை. வேலையில் அது எதைப் பாதிக்கும், என்ன மாற்றம் வேண்டும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

வேலை நடுவே வலி தொடங்கினால் "இந்த ஒரு வேலையை முடித்துவிடுகிறேன்" என்று இழுக்காதீர்கள். எழுந்து கதகதப்பான இடத்துக்குப் போங்கள், தண்ணீர் குடியுங்கள், சூட்டு ஒத்தடம் வையுங்கள், மருத்துவர் எழுதித் தந்த முதல் மாத்திரையைப் போடுங்கள். இப்யூபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும் என்பதால், உங்களுக்கு ஒத்துவருமா என்று முன்பே கேட்டிருக்க வேண்டும். ஓபியாய்டு வகை (மார்ஃபின் போன்ற கடும் வலிநிவாரணி) மாத்திரை போட்டபின் வண்டி ஓட்டாதீர்கள். இயந்திரத்தின் பக்கமும் போகாதீர்கள். வலி அடங்கவில்லை என்றால் மருத்துவமனைதான்.

சில அறிகுறிகள் வந்தால் காத்திருக்கவே கூடாது, உடனே மருத்துவமனை. 38.5 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் (மருத்துவர் இதைவிடக் குறைந்த எல்லை சொல்லியிருந்தால் அதுவே கணக்கு), நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், திடீரெனக் கை கால் தளர்வது, பேச்சுக் குழறல், பார்வை மங்கல், தாங்க முடியாத தலைவலி. இந்த நோயில் மண்ணீரல் சரியாக வேலை செய்யாததால் தொற்று வேகமாகப் பரவும். பாராசிட்டமால் போட்டுக் காய்ச்சலை மறைத்துக்கொண்டு மீட்டிங்கில் உட்கார்வது உயிருக்கே ஆபத்து. ஆண்களுக்கு இன்னொன்று: வலியோடு ஆணுறுப்பு விறைப்பு 2 மணி நேரத்துக்குமேல் நீடித்தால் கூச்சத்தை விட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். 4 மணி நேரம் தாண்டினால் திசு நிரந்தரமாகச் சேதமாகலாம்.

மருத்துவமனையிலிருந்து திரும்பியதும் முதல் சில நாட்கள் அரைநாள் வேலை கேளுங்கள். தேங்கிய வேலையை ஒரே நாளில் முடிக்கப் போய் அதே வாரம் மறுபடி கட்டிலில் படுத்தவர்கள் பலர். வலி வருவதைக் குறைக்கத் தரப்படும் ஹைட்ராக்சியூரியா மருந்தை எடுப்பவர்கள் அதை இரவுச் சாப்பாட்டோடு சேர்த்துவிட்டால், காலை அவசரத்தில் மறக்காது. பலன் தெரிய 3 முதல் 6 மாதம் ஆகலாம். அதற்குள் "வேலை செய்யவில்லை" என்று நிறுத்திவிடாதீர்கள். இரத்த அணு எண்ணிக்கையைப் பார்க்காமல் இந்த மருந்தைத் தொடரக் கூடாது. அடுத்த பரிசோதனைத் தேதியை இன்றே அலுவலக நாட்காட்டியில் போட்டுவிடுங்கள், அந்த நேரத்தில் யாரும் மீட்டிங் வைக்காதபடி.