எடை கூடியவர் சைக்கிளில் போக்ஸ் கம்பி அறாமல் இருக்க: பின்சக்கரத்தை முறுக்கும் முறை

100 கிலோவைத் தொட்டவர் கியர் சைக்கிள் ஓட்டினால், சில மாதத்தில் பின்னாலிருந்து ‘டிங்’ என்று ஒரு சத்தம் வரலாம். ஒரு போக்ஸ் கம்பி போயிருக்கும். புதுசு போட்டுக் கோட்டம் எடுத்தால், அடுத்த மாதம் பக்கத்துக் கம்பி போகும். பழி முழுக்க எடைமேல் விழும். அதில் பாதிதான் நியாயம்.

கம்பி பாரம் தாங்காமல் இழுபட்டு அறுவதில்லை. சக்கரம் சுற்றும்போது தரைப் பக்கம் வரும் கம்பிகள் கொஞ்சம் தளரும். மேலே போனதும் பழையபடி இறுகும். 700சி என்ற அளவுச் சக்கரத்தில் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 470 முறை இது நடக்கிறது. முதலிலேயே தொளதொளவென்று இருக்கும் கம்பி, கீழே வரும்போது முழுக்கத் தளர்ந்துவிடும். சக்கர நடுவிலுள்ள ஹப்பின் ஓட்டையில் வளைந்து நுழையும் அதன் கழுத்து ஒவ்வொரு சுற்றிலும் ஆடும். கட்டுக்கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்போமே, அதே கதைதான். கழுத்திலேயே அறுவதற்குக் காரணம் இதுதான். ஆகவே புதுச் சக்கரம் வாங்குமுன் இருப்பதை ஒழுங்காக முறுக்கிப் பாருங்கள்.

நிப்பிளில் (கம்பியை ரிம்மில் பிடித்திருக்கும் சிறு மரை) ஆடாமல் உட்காரும் ஸ்போக் சாவி, துளி எண்ணெய், இரண்டு கேபிள் டை போதும். சாவி ஓர் அளவு பெரிதாக இருந்தாலும் நிப்பிள் முனை மழுங்கிவிடும்.

1. சத்தம் கேளுங்கள். கம்பிகளை விரலால் மீட்டுங்கள். செயின் பக்கத்துக் கம்பிகளை அவற்றோடு மட்டும் ஒப்பிடுங்கள், மறுபக்கத்தைத் தனியாக. பல்சக்கரத்துக்கு இடம் விடுவதால் இரு பக்க இழுவையும் சமமாக இராது. பல கியர் சைக்கிள்களில் மறுபக்கம் பாதியோ சற்று மேலோதான். அதைச் சமமாக்கப் போனால் ரிம் ஒரு பக்கமாக நகர்ந்துவிடும். ‘டொக்’ என்று மந்தமாக ஒலிப்பவைதான் குற்றவாளிகள், சாக்பீஸால் குறியிடுங்கள்.

2. குறியிட்டவற்றை இறுக்குங்கள். நிப்பிள் மரைக்கு எண்ணெய் விட்டு, ஒரு தடவைக்குக் கால் திருகு மட்டும். டயர் பக்கத்திலிருந்து பார்க்கும்போது கடிகாரத் திசையில் திருகினால் இறுகும். ஹப் பக்கத்திலிருந்து பார்த்துக் குழம்பி, இறுக்குவதாக நினைத்துத் தளர்த்துவது எல்லாரும் செய்யும் தப்பு.

3. கோட்டம் எடுங்கள். சைக்கிளைக் கவிழ்த்து, பின் போர்க்கில் இரு பக்கமும் கேபிள் டை கட்டி, முனையை ரிம்முக்கு 1 மி.மீ. தள்ளி நறுக்குங்கள். ரிம் வலப்பக்கம் உரசும் இடத்தில் இடப்பக்கக் கம்பியை இறுக்கி, வலப்பக்கத்தைக் கொஞ்சம் தளர்த்துங்கள். அரை மி.மீ. ஆட்டம் இருந்தால் போதும்.

4. மொத்த இழுவையைக் கூட்டுங்கள். வால்வு ஓட்டையில் தொடங்கி ஒரு முழுச் சுற்று: செயின் பக்கம் அரைத் திருகு, மறுபக்கம் கால் திருகு. ரிம் நடுவில் நிற்கிறதா என்று பார்த்து மறுபடியும். கம்பியின் இழுவையை அளக்கும் டென்ஷன் மீட்டர் கிடைத்தால் செயின் பக்கம் 100 முதல் 120 கிலோ விசை. ரிம் தயாரிப்பாளர் சொன்ன எல்லையைத் தாண்டக் கூடாது.

5. அழுத்திவிடுங்கள். கையுறை போட்டு, ஒரே பக்கத்தில் இணையாக ஓடும் இரண்டிரண்டு கம்பிகளைச் சேர்த்து பலமாகப் பிடித்து அழுத்துங்கள். முறுக்கிக்கொண்ட கம்பிகள் ‘டிக் டிக்’ என்று விடுபடும். இதைத் தவிர்த்தால் அந்த வேலையைச் சாலையில் உங்கள் எடை செய்யும், கோட்டமும் திரும்பி வரும். அழுத்தும்போது ரிம் திடீரென அலையலையாக நெளிந்தால் அளவு மீறிவிட்டது. எல்லாவற்றையும் அரைத் திருகு தளர்த்துங்கள்.

100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி மீட்டிப் பாருங்கள்.

முறுக்கிய பிறகும் மூன்றாவது கம்பி போனால், மற்றவையும் களைத்துவிட்டன. ஒவ்வொன்றாக மாற்றுவது காசுக்குக் கேடு. முழுச் செட்டும் மாற்றுங்கள். அப்போது கேட்க வேண்டியது: 36 ஓட்டை, இரட்டைச் சுவர் (டபுள் வால்) ரிம், பித்தளை நிப்பிள், நுனிகளில் 2 மி.மீ., நடுவில் 1.8 மி.மீ. உள்ள ஸ்டெயின்லெஸ் கம்பி. நடுவில் மெலிந்தது பலவீனம்போலத் தோன்றும். ஆனால் அது அதிகம் நீள்வதால் கீழே வரும்போதும் முழுக்கத் தளராது. மூட்டை சுமந்த பழைய கறுப்பு சைக்கிளில் முன்னால் 32, பின்னால் 40 கம்பி என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்; 20, 24 கம்பிச் சக்கரம் பார்க்க அழகு, நமக்கு வேண்டாம்.

ஹப்பையும் கவனியுங்கள். விலை குறைந்த 7 கியர் சைக்கிளில் ஃப்ரீவீல் (பின் பல்சக்கரத் தொகுதி) ஹப்பில் திருகியிருக்கும். செயின் பக்க பேரிங் உள்ளே தள்ளி இருப்பதால் அச்சு வளையும், முறியும். பல்சக்கரங்களைச் செருகி மாட்டும் கேசட் ஹப்பில் பேரிங் ஓரத்துக்கு வந்துவிடுவதால் அந்தத் தொல்லை குறைவு.

கடைசியாக டயர். போர்க்கில் இடம் இருந்தால் 35 மி.மீ. போடுங்கள், 100 கிலோவுக்குப் பின்னால் 65 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் தொடங்கலாம், டயரில் அச்சிட்ட உச்ச அளவைத் தாண்டாமல். பஞ்சரான டியூபில் பாம்பு கடித்ததுபோல் இரண்டு ஓட்டை பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் முள்ளைத் தேட வேண்டாம், காற்று போதவில்லை.