மூத்த நாயின் வயிற்று ஸ்கேன்: அறிக்கையில் எதை முதலில் பார்ப்பது?

அல்ட்ராசவுண்ட் ஸ்கேனுக்கு முன் 8 முதல் 12 மணி நேரம் சாப்பாடு கூடாது, தண்ணீர் மட்டும் கொடுக்கலாம். இரைப்பையில் உணவும் வாயுவும் இருந்தால் கணையம் மறைந்துவிடும். பாட்டியோ பணிப்பெண்ணோ பாவம் பார்த்து ரொட்டித் துண்டு நீட்டிவிடாதபடி முதல்நாளே சொல்லிவையுங்கள். இன்சுலின் போடும் நாய் என்றால் மருத்துவரைக் கேட்காமல் பட்டினி போடாதீர்கள். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால்தான் அதன் சுவர் தெளிவாகத் தெரியும். புளோக்கின் கீழ்த்தளத்தில் முதல் தூணைக் கண்டதும் காலைத் தூக்குகிற நாயை, டாக்சி வரை தூக்கிக்கொண்டே போங்கள்.

10 வயதைத் தாண்டிய நாய்க்கு ஏறக்குறைய எல்லா உறுப்பிலும் ஏதாவது எழுதியிருப்பார்கள். வரிசையாகப் படித்தால் பயம்தான் மிஞ்சும். அவசரமானதை முதலில் தேடுங்கள். மண்ணீரலில் கட்டி, கூடவே வயிற்றில் திரவம் என்றிருந்தால் உள்ளே இரத்தம் கசியலாம். ஈறு வெளுத்திருந்தால் காலை வரை காத்திருக்காமல் 24 மணி நேர மருத்துவமனைக்குப் போங்கள். அடுத்தது பித்தப்பை. நாயைப் புரட்டும்போது நகரும் கசடு வயதான நாய்களில் சாதாரணம். நகராமல், கிவிப் பழத்தின் குறுக்குவெட்டுபோல் தெரிந்தால் அது மியூக்கோசீல், அதாவது பித்தப்பைக்குள் கெட்டியான சளி தேங்கிய நிலை. வெடிக்கக்கூடியது, அறுவை சிகிச்சை பற்றி அன்றே பேச வேண்டும்.

மற்றவற்றைத் தனித்தனி நோயாக எண்ணாமல் சேர்த்துப் பாருங்கள். கல்லீரல் பெருத்து வெளுப்பாகத் தெரிகிறது, சிறுநீரகங்களை ஒட்டியுள்ள இரண்டு அட்ரினல் சுரப்பிகளும் தடித்திருக்கின்றன, இரத்தத்தில் ஏஎல்பி என்ற நொதி ஏறியிருக்கிறது, நாய் தண்ணீரை மொண்டு மொண்டு குடிக்கிறது என்றால் எல்லாமே குஷிங் நோய் (உடலில் கார்டிசால் ஹார்மோன் மிகுதல்) என்ற ஒரே காரணத்தால் வந்திருக்கலாம். ஆனால் வேறு நோயின் அழுத்தத்திலும் அட்ரினல் தடிக்கும் என்பதால், ஹார்மோன் பரிசோதனை செய்யாமல் மருந்து தொடங்கக்கூடாது. ஒரு பக்கம் மட்டும் பெருத்திருந்தால் அந்தச் சுரப்பியிலேயே கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கல்லீரல் முடிச்சுகள் பெரும்பாலும் மூப்பின் விளைவுதான். ஆனால் நல்லதா கெட்டதா என்று படத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஊசியால் மாதிரி எடுப்பதற்கு முன் இரத்தம் உறைகிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். சிறுநீர்ப்பையின் கழுத்தருகே கட்டி இருந்தால் மட்டும் வயிற்றில் ஊசி குத்திச் சிறுநீர் எடுக்க வேண்டாம். புற்றணுக்கள் ஊசித் தடத்தில் பரவக்கூடும். நாய் கழிக்கும்போது பிடித்த சிறுநீரே போதும்.

சிறுநீரகத்தின் வடிவத்தைத்தான் ஸ்கேன் காட்டும். வேலைத்திறனை அறிய இரத்தத்தில் கிரியேட்டினின், எஸ்டிஎம்ஏ என்ற இரண்டு அளவுகளையும், சிறுநீர்ப் புரதம், இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். மூட்டுவலி மாத்திரை சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால், கொடுத்துவந்தால் அதைத் தொடரலாமா என்று அன்றே கேளுங்கள்.