நடுச்சாமத்தில் முழிப்புத் தட்டினால்

எங்கள் வீட்டுப் பட்டாலையில் ஐயா காலத்துப் பெண்டுலம் கடிகாரம் ஒன்று இருக்கிறது. அது மூன்று அடிப்பதை ரெண்டு வருஷம் அநேகமாகத் தினமும் படுத்தபடி கேட்டிருக்கிறேன். கேட்டதும் கணக்கு ஓடும்: இப்போது தூங்கினால் ரெண்டு மணி நேரம், நாலு அடித்துவிட்டால் ஒரு மணி நேரம், அப்புறம் பால்காரர் வந்து கதவைத் தட்டுவார். தூக்கத்துக்கு எமன் இந்தக் கணக்குதான், முழிப்பு இல்லை.

முழிப்பு எல்லாருக்கும் வருவதுதான். தூக்கம் ஏறக்குறைய 90 நிமிஷத்துக்கு ஒரு சுற்றாக ஓடுகிறது. ஆழ்ந்த தூக்கத்தில் பெரும்பகுதி முன்னிரவிலேயே தீர்ந்துபோய், பின்னிரவில் கனவுத் தூக்கமும் லேசான தூக்கமும்தான் மிச்சம் இருக்கும், அதனால் பதினொரு மணிக்குக் காதிலேயே விழாத பூனை மூன்று மணிக்கு ஓட்டின் மேல் நடந்தால் எழுப்பிவிடும். வயது ஏற ஏற இது கூடத்தான் செய்யும். திரும்பத் தூங்க முடியாமல் கிடப்பதுதான் பிரச்சினை.

முதலில் மணி பார்ப்பதை நிறுத்துங்கள். அந்தப் பழைய கடிகாரத்தில் சாவி கொடுக்க ரெண்டு துளை, எங்களுடையதில் வலது பக்கம் ஓட்டத்துக்கு, இடது பக்கம் மணியடிக்க. இடது பக்கத்துக்குச் சாவி கொடுக்காமல் விட்டேன், சில நாளில் சத்தம் ஓய்ந்தது. ஆத்தாவுக்கு மனசு கேட்கவில்லை, 'மணியடிக்காத வீடா இது' என்று ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. செல்போனைத் தலைமாட்டில் வைக்கவே வேண்டாம். நம் ஊரில் யார் வீட்டுக்குத்தான் சிங்கப்பூரில் சொந்தம் இல்லை? அங்கே நேரம் நம்மைவிட ரெண்டரை மணி முன்னால், சித்தப்பா காலை ஆறு மணிக்கு அனுப்பும் ரோஜாப்பூ வணக்கம் இங்கே மூன்றரைக்கு வந்து விழும்.

அடுத்தது, படுத்தபடி மல்லுக்கட்டாதீர்கள். 15, 20 நிமிஷம் போல ஆகிவிட்டது என்று தோன்றினால் (உத்தேசமாகத்தான், கடிகாரம் பார்க்காமல்) எழுந்துவிடுங்கள். படுக்கை என்றால் தூக்கம் என்று உடம்பு திரும்பப் பழக வேண்டும், படுக்கை என்றால் கவலை என்று அல்ல. 1972-ல் ரிச்சர்டு பூட்சின் என்ற அமெரிக்க உளவியலாளர் சொன்ன வழி இது, இன்றைக்கும் தூக்க மருத்துவத்தில் இதைத்தான் சொல்கிறார்கள். நான் வளவில் முற்றத்து ஓரமாகத் தூணில் சாய்ந்து உட்காருவேன். டியூப் லைட்டைப் போட்டால் போச்சு, விடிந்துவிட்டது என்று மூளை நினைத்துக்கொள்ளும். ஒரு மங்கல் விளக்கு போதும். கையில் ஐயாவின் பர்மா வரவு செலவுப் பேரேடு. வட்டிக் கணக்கில் நாலு வரி கூட்டுவதற்குள் கண் சொக்கும், சொக்கின பிறகுதான் படுக்கைக்குத் திரும்ப வேண்டும். முதல் வாரம் ராத்திரிக்கு ரெண்டு மூன்று தடவை எழுந்து நடக்க வேண்டியிருக்கும், எரிச்சலாகத்தான் இருக்கும், விட்டுவிடாதீர்கள்.

எனக்கு உண்மையில் கை கொடுத்தது வேறு ஒன்று. எங்கள் பக்கம் எட்டரைக்கெல்லாம் தெரு அடங்கிவிடும், வேறு வேலை இல்லாமல் ஒன்பதுக்கே படுத்துக்கொண்டிருந்தேன். ஒன்பதிலிருந்து மூன்று வரை எண்ணிப் பாருங்கள், ஆறு மணி நேரம்! என் உடம்பு தன் பங்கைத் தூங்கிவிட்டுத்தான் எழுந்திருக்கிறது. படுப்பதைப் பதினொன்றுக்குத் தள்ளினேன், ராத்திரி எப்படிப் போனாலும் ஐந்தரைக்கு எழுந்தேன். ரெண்டு வாரம் பகலெல்லாம் சொக்கியது, அப்புறம் தூக்கம் ஒரே பிடியாக வந்தது. பிறகு வாரம் கால் மணி நேரமாக முன்னால் கொண்டுவந்தேன். படுக்கையில் இருக்கும் நேரத்தை ஐந்து மணி நேரத்துக்குக் கீழே மட்டும் குறைக்காதீர்கள். வண்டி ஓட்டுகிறவர்கள், வலிப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.

பகல் தூக்கம் அரை மணிக்கு மேல் வேண்டாம். சித்திரை வெயிலில் ஆத்தங்குடிக் கல் தரையின் குளுமையில் படுத்தால் நாலு மணி வரை எழுந்திருக்க மனசு வராது, தெரியும், ஆனால் அதற்கான விலையை ராத்திரி கொடுக்க வேண்டியிருக்கும். காபியில் உள்ள கஃபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் பிடிக்கும், அதனால் மதியத்துக்கு மேல் காபி கூடாது. ராத்திரிப் பலகாரத்தைச் சீக்கிரம் முடியுங்கள், கறிக்குழம்பு மிச்சம் இருக்கிறதே என்று பத்து மணிக்கு இடியாப்பத்தில் ஊற்றினால் நெஞ்சு எரிந்தே முழிப்பு வரும். மது சீக்கிரம் தூங்க வைக்கும், பின்னிரவில் எழுப்பியும் விடும்.

சில முழிப்புகளுக்கு இந்த வைத்தியம் எதுவும் பலிக்காது. ராத்திரியில் ரெண்டு மூன்று தடவை சிறுநீருக்கு எழுந்தால் சர்க்கரை பாருங்கள், ஆண்களுக்குப் புராஸ்டேட்டையும். பிரஷருக்கு நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைக் காலையில் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பெருங்குறட்டை விட்டு, மூச்சுத் திணறி எழுகிறவருக்குத் தூக்கத்தில் மூச்சு அடைபடும் கோளாறு இருக்கலாம், அது பல நேரம் அவருக்கே தெரியாது, பக்கத்தில் படுப்பவர்தான் சொல்ல வேண்டும். மாதவிடாய் நிற்கிற வயதில் உடம்பு திடீரென்று கொதித்து எழுகிற பெண்களுக்கும் சிகிச்சை இருக்கிறது. வாரத்தில் மூன்று ராத்திரியாவது முழித்துத் திரும்பத் தூங்க முடியாமல் போய் மூன்று மாசம் தாண்டிவிட்டால் தாமதிக்காமல் காட்டிவிடுங்கள், மருந்துக்கடையில் நீங்களாகத் தூக்க மாத்திரை கேட்டு நிற்காதீர்கள். போகும்போது ரெண்டு வாரம் எப்போது படுத்தீர்கள், எப்போது எழுந்தீர்கள் என்று உத்தேசமாகக் காலையில் குறித்த தாளைக் கொண்டுபோங்கள், டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.