பக்கத்து இறைச்சிக்கூடம் மூடிட்டாங்களா? ஆடு மாடு வளர்க்குறவங்க இத பண்ணுங்க

சின்ன இறைச்சிக்கூடமெல்லாம் ஒண்ணொண்ணா மூடிட்டு வருது, பெரிய பிளான்ட்டுக்கு நம்ம நாலு ஆடெல்லாம் கணக்குலயே வராது. அதனால குட்டி வாங்கும்போதே அறுக்குறதுக்கு தேதி புக் பண்ணிடுங்க, வளர்ந்தப்புறம் தேடினா தீவனச் செலவு ஏறிட்டே போகும். ரெண்டு மூணு பேர் சேர்ந்து ஒரே வண்டியில ஏத்துங்க, ஆனா பழகாத மந்தைய கலக்காம நடுவுல தடுப்பு வைங்க.

தூரப் பயணம்தான் பெரிய தலைவலி. மிரண்டு களைச்சுப்போன மாட்டுக்கு தசையில சேர்த்து வச்சிருக்குற கிளைகோஜன்ங்கிற சர்க்கரைச் சத்து தீர்ந்துடும், அப்புறம் கறியோட பிஎச் (அமிலத்தன்மைய காட்டுற அளவு, அமிலம் கூடினா இது இறங்கும்) சரியா இறங்காம 6 பக்கமே நின்னு கறி கறுத்து சீக்கிரம் கெட்டும்போகும். வெயிலுக்கு முன்னாடி கிளம்புங்க, முந்தின ராத்திரி தீவனத்த நிறுத்தினாலும் தண்ணிய நிறுத்தாதீங்க.

கூலி உயிர் எடைக்கா உரிச்ச எடைக்கான்னு கூச்சப்படாம கேளுங்க, தோல், தலை, குடல் யாருக்குன்னும் அப்பவே பேசிடுங்க.