முட்டை வாடை வந்தால் அடியில் கேஸ் இருக்கிறதா?

ஊத்தங்கரையிலோ பாலக்கோட்டிலோ நாலைந்து மாதம் ஓட்டாமல் கிடந்த போர்வெல்லில் மோட்டாரைப் போட்டால், முதல் தண்ணீர் சிலசமயம் அழுகிய முட்டை வாடையோடும் கறுப்புத் தூசியோடும் வரும். உடனே "அடியில கேஸ் இருக்குது" என்று பேச்சு கிளம்பிவிடும். முதல் தவறு இதுதான். வாடை ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயுவுடையது, சரி. ஆனால் தர்மபுரி, கிருஷ்ணகிரிக்கு அடியில் இருப்பவை பெரும்பாலும் 250 கோடி ஆண்டுப் பழமையான நைஸ், சார்னோகைட், கிரானைட் பாறைகள். எரிவாயு உருவாக உயிர்ப்பொருள் புதைந்த படிவுப் பாறை வேண்டும். அது காவிரி டெல்டாவில் உண்டு, நம் பக்கம் இல்லை. தேங்கி, ஆக்சிஜன் தீர்ந்த போர்த் தண்ணீரில் பாக்டீரியாக்கள் சல்பேட்டைச் சிதைப்பதால்தான் இந்த வாடை. கறுப்புத் தூசி பெரும்பாலும் இரும்பு சல்பைடு.

அப்படியானால் எரிவாயு வயல்களில் இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடுக்கும் பாக்டீரியாதான் காரணம் என்று நினைப்பது அடுத்த தவறு. ஏறக்குறைய 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அவற்றில் பெரும்பாலானவை பிழைக்காது. ஆழத்தில் நடப்பது வேறு: 100 முதல் 140 டிகிரிக்கு மேல், அன்ஹைட்ரைட் என்ற கால்சியம் சல்பேட் பாறையோடு எரிவாயுவே மிக மெதுவாக வினைபுரிகிறது. கிடைப்பவை கால்சைட், தண்ணீர், ஹைட்ரஜன் சல்பைடு. கந்தகம் மிகுந்த உயிர்ப்பொருள் சூட்டில் சிதைந்தும் கொஞ்சம் வரும். ஆனால் 1951இல் கண்டுபிடிக்கப்பட்ட பிரான்சின் லாக் எரிவாயு வயலில் இருந்ததைப் போல எரிவாயுவில் 15 சதவீதம் ஹைட்ரஜன் சல்பைடு சேர, அன்ஹைட்ரைட் வினைதான் வேண்டும்.

ஆழம் கூடினால் போதும் என்றும் எண்ண வேண்டாம். மணற்பாறையில் இரும்பு இருந்தால் ஹைட்ரஜன் சல்பைடைப் பிடித்துப் பைரைட் என்ற கனிமமாக்கிவிடும். சுண்ணாம்புப் பாறையில் இரும்பு குறைவு, அதனால் வாயு அப்படியே தங்கும். 2003 டிசம்பரில் சீனாவின் கைசியானில் எரிவாயுக் கிணறு வெடித்துக் கிளம்பி 243 பேரைக் கொன்ற வாயு அப்படிப்பட்ட, சுண்ணாம்பு வகையான கார்பனேட் பாறையிலிருந்து வந்ததுதான்.

எல்லாவற்றையும்விட மோசமானது மூக்கை நம்புவது. காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு சேர்ந்தாலே சில நிமிடங்களில் மோப்பம் மரத்துவிடும். வாடை போய்விட்டது, ஆபத்தும் போய்விட்டது என்று தோன்றும். காற்றைவிடக் கனமானதால் பள்ளத்தில் தங்கும். பழைய கிணற்றிலோ செப்டிக் டேங்கிலோ விளக்கை இறக்கிப் பார்க்கும் நம் ஊர் வழக்கம் ஆக்சிஜன் குறைவைத்தான் காட்டும். ஆளைக் கொல்லும் அளவு ஹைட்ரஜன் சல்பைடு இருந்தாலும் விளக்கு எரியும், அளவு மிகுந்தால் வாயுவே தீப்பிடிக்கும். அதற்கு வாயு அளக்கும் கருவிதான் வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்காமல் 112க்கு அழையுங்கள்.